பாறைமேல் தெரிந்த வெள்ளை

1

இன்று காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கைப்பேசியைத் திறந்தால் ஒரு மின்னஞ்சல். எங்கள் வரைபடக் குழுவில் நான் சேர்ந்து இன்றோடு நான்கு வருடம் முடிகிறதாம். கணினி தானாக அனுப்பும் வாழ்த்துதான். ஆனாலும் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி இரண்டு தடவை படித்தேன். திருமண நாளையே வீட்டில் இரண்டு பேரும் மறந்துபோகிற எங்களுக்கு, இதையெல்லாம் யாரோ நினைவு வைத்துக்கொள்வது வேடிக்கையாக இருந்தது.

ஊரில் இருப்பவர்கள் தொலைபேசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அங்க என்னதான் பண்றே?" முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன் என்றால் புரிந்துகொள்கிறார்கள். மீதி நேரத்தில் என்ன செய்கிறேன் என்று கேட்டு, "ஆப்பிரிக்காவில் இருக்கிற வீடுகளை வரைகிறேன்" என்று சொன்னால் சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கோமதி. பிறந்தது, படித்தது எல்லாம் ஸ்ரீரங்கம். நர்ஸிங் படிப்பு திருச்சியில். கணவருக்கு ரயில் பெட்டி பழுது பார்க்கும் வேலை கிடைத்து ஜெர்மனியின் காசல் நகரத்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகள் யாழினிக்கு இப்போது பதினாறு வயது. இங்கே வந்தபோது அவளுக்கு ஐந்து.

2

நர்ஸுகளின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய செய்திதான் தொடக்கம். "மொழி தெரிய வேண்டாம், பணம் தர வேண்டாம். மவுஸ் பிடிக்கத் தெரிந்தால் போதும், வெள்ளத்தில் சிக்கியவர்களுக்கு உதவலாம்." மொழி தெரிய வேண்டாம் என்ற வார்த்தைதான் என்னை இழுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

வேலை இதுதான். வெள்ளமோ நிலநடுக்கமோ வந்தால் உதவிக் குழுக்கள் மருந்தும் உணவும் கொண்டு போக வேண்டும். ஆனால் உலகத்தில் பல இடங்களுக்கு வரைபடமே கிடையாது. எந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை வீடு என்று யாருக்கும் தெரியாது. அதனால் வானத்திலிருந்து எடுத்த படங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து இணையத்தில் வைத்துவிடுகிறார்கள். உலகம் முழுக்க இருக்கும் ஆட்கள் ஆளுக்கொரு கட்டத்தை எடுத்துக்கொண்டு, அதில் தெரிகிற வீடு, பாதை, ஓடை எல்லாவற்றையும் கோடு போட்டுக் குறிக்கிறோம். வேறொருவர் சரிபார்ப்பார். அங்கே இருக்கும் பணியாளர்கள் அதைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, சிக்னல் இல்லாத காட்டிலும் நடந்து போவார்கள்.

முதல் மாதம் எனக்கு இது சமூக சேவையாகவே படவில்லை. அடுத்தவர் வீட்டு மொட்டை மாடியை எட்டிப் பார்க்கிற ஆசைதான். இந்த வீட்டுக்கு ஏன் இரண்டு கூரை? இந்தப் பாதை ஏன் நேராகப் போகாமல் ஒரு மரத்தைச் சுற்றிப் போகிறது? எத்தனையோ சாயங்காலங்கள் அப்படிப் போயின.

இதை முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியிடம் பெருமையாகச் சொல்லி மாட்டிக்கொண்டேன். ஜெர்மன் மொழியில் கூரைக்கு 'டாக்' என்று பெயர். பன்மைக்கு ஒரு 'ஸ்' சேர்த்தால் போதும் என்று நினைத்து, "நான் ஆப்பிரிக்காவில் டாக்ஸ் வரைகிறேன்" என்றேன். அவர் கண்கள் விரிந்தன. "அங்கே அதெல்லாம் இருக்கிறதா? எத்தனை வரைந்தாய்?" நானும் விடாமல், "ஆயிரக்கணக்கில்! சிலது வைக்கோல் போட்டது, சிலது தகரத்தில்" என்றேன். வீட்டில் சொன்னதும் யாழினி சோபாவில் விழுந்து சிரித்தாள். டாக்ஸ் என்றால் மண்ணில் வளை தோண்டி வாழும், முகத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஒரு விலங்காம். மறுநாள் அந்தப் பாட்டி தன் பேரனின் படப் புத்தகத்திலிருந்து அதன் படத்தைக் கிழித்து எனக்காக வைத்திருந்தார்.

3

எனக்கு முதல் வேலை, திருச்சிக்கு வடக்கே இருக்கும் பச்சைமலையில். வயது இருபத்திரண்டு. ஸ்ரீரங்கத்துப் பெண்ணான எனக்கு அதுவரை மலை என்றால் மலைக்கோட்டைதான். உப்பிலியபுரத்திலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதை விட்டால் நடைதான். துணை சுகாதார நிலையத்தில் நானும், எனக்கு மூத்தவரான செல்வி அக்காவும் மட்டும்.

பிற்பாடு ஜெர்மனியில் என் நர்ஸிங் படிப்பையும் அனுபவத்தையும் அங்கீகரிக்கச் சொல்லி விண்ணப்பித்தபோது, பழைய வேலையிடத்தின் தெருப் பெயரும் கதவு எண்ணும் கேட்டார்கள். அங்கே தெருவும் இல்லை, எண்ணும் இல்லை. "ரேஷன் கடைக்கு எதிரில்" என்று எழுதினேன், திரும்பி வந்தது. "கடைசி பஸ் நிறுத்தம்" என்று எழுதினேன், அதுவும் திரும்பி வந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "முகவரி இல்லாத இடத்தில் நீங்கள் மூன்று வருடம் வேலை பார்த்ததாக நான் எப்படி எழுதுவது?" அவர் கேட்டதில் தப்பில்லை. நான் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். செல்வி அக்கா அலைந்து திரிந்து ஒரு கடிதம் வாங்கி அனுப்பும் வரை, இரண்டு வருடம் நான் இங்கே நர்ஸ் இல்லை, உதவியாளர்.

மலைக்கு வருகிறேன். எங்கள் நிலையத்து வாசலில் நின்றால் எதிர்ச் சரிவில் ஒரு பெரிய பாறை தெரியும். தை, மாசி மாதங்களில் அது சில நாள் வெள்ளையாக இருக்கும், சில நாள் இருக்காது. யாரோ வேட்டி துவைத்து உலர்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் முழுக்க அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களிடம் இருந்த பட்டியலில் அந்தப் பக்கம் ஊர் எதுவும் இல்லை.

ஒரு நாள் காலை நான்கு ஆண்கள் போர்வையில் தூளி கட்டி ஒரு பெண்ணைத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளாகப் பிரசவ வலி. அவளைக் காப்பாற்றி பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

அவள் கணவரிடம் கேட்டேன். "எங்கேருந்து வரீங்க?"

"அந்தா, அந்தப் பாறைக்கு அந்தாண்டம்மா."

"அங்க வீடு இருக்கா?"

"இருக்கோமே."

"ஏன் எங்ககிட்ட யாரும் சொல்லலை?"

"நீங்க வந்து கேக்கலையேம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

அந்த வாரமே நானும் செல்வி அக்காவும் நடந்து போனோம். பாறை மேல் மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, துண்டு போட்டுக் காய வைத்திருந்தார்கள். அதுதான் அந்த வெள்ளை. கொஞ்சம் தள்ளிப் பலா மரங்களுக்கு அடியில் ஒன்பது வீடுகள். எங்கிருந்து பார்த்தாலும் வீடு தெரியாது. அவர்கள் அங்கே வாழ்கிறார்கள் என்பதற்கு வெளியே தெரிந்த ஒரே அடையாளம் காயப்போட்ட கிழங்கு. ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கிறேன்.

4

இந்த வருடம் மழைக்காலத்தில் ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் தெற்கே மலைப் பகுதியில் வெள்ளம். பின்னாலேயே வாந்திபேதி. எங்கள் குழு அந்தப் பகுதியை வரைய ஆரம்பித்தது. அங்கே களத்தில் இருந்தவர் தோகோ என்ற பெண், மாவட்ட சுகாதாரப் பணியாளர். நாங்கள் வரைவதை வைத்து எந்த ஊருக்கு யாரை அனுப்புவது என்று முடிவு செய்பவர் அவர்தான். சரிபார்க்கிறவர் பேட்ரோ. பிரேசிலில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேரையும் நான் நேரில் பார்த்ததில்லை. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை இங்கே என் தமிழில் தருகிறேன்.

காலை ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றுத் தட்டோடு கணினி முன் உட்கார்ந்தேன். எனக்கு வந்த கட்டத்தில் காடும் ஒரு பாறைச் சரிவும். சரிவில் மூன்று வெள்ளைத் திட்டுகள். எனக்கு முன்னால் யாரோ அவற்றை மூன்று வீடுகள் என்று குறித்திருந்தார்கள். தகரக் கூரை வெயிலில் அப்படித்தான் பளபளக்கும். பெரிதாக்கிப் பார்த்தேன். கூரைக்கு மூலை உண்டு. மூன்றாவதன் ஓரம் மர நிழலில் சரியாகத் தெரியவில்லை, மற்ற இரண்டுக்கும் மூலையே இல்லை. பாறையின் வளைவுக்கு ஏற்றபடி ஓரங்கள் வளைந்திருந்தன. நடுவே ஒற்றையடிப் பாதை போல இடைவெளி. பக்கத்துச் சரிவில் வரிசை வரிசையாகச் செடி. கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"இவை வீடுகள் இல்லை. மரவள்ளிக் கிழங்கு காய்கிறது. மரங்களுக்கு அடியில் வீடுகள் இருக்க வேண்டும்" என்று குழுவில் எழுதினேன்.

பேட்ரோ உடனே பதில் போட்டார். "வீடுகள் இல்லை என்றால் அழித்துவிடுங்கள். மரத்துக்கு அடியில் இருப்பதை நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்க்கவில்லை."

"பார்த்ததை மட்டும்தான் வரைய வேண்டும், கோமதி. ஊகித்து ஒரு வீடு வரைந்தால், அதை நம்பி யாரோ அரை நாள் நடப்பார்கள்."

அவர் சொன்னது நியாயம். ஆனால் அப்படிச் சரியாகச் செய்தால் அந்தக் கட்டம் காலியாகிவிடும். காலிக் கட்டத்துக்கு யாரும் போக மாட்டார்கள். தப்பாக வரைந்த மூன்று வீடுகளாவது அங்கே ஆள் உண்டு என்று சொல்லிக்கொண்டிருந்தன. என் விரல் அழிக்கும் பொத்தான் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து பேட்ரோவே மறுபடி எழுதினார். "இதே இடத்துக்கு வேறொரு மாதத்துப் படம் இருக்கிறது. பாருங்கள். கூரை வந்து வந்து போகாது." திறந்து பார்த்தேன். இரண்டு திட்டுகள் இல்லை, பாறை வெறுமையாக இருந்தது. மூன்றாவது மட்டும் இரண்டு படத்திலும் இருந்தது. இரண்டைக் கிழங்கு என்று பேட்ரோ ஒப்புக்கொண்டார். மூன்றாவதும் கிழங்குதான், எப்போதும் அங்கேயே காயப்போடுவார்கள் என்று நான் சாதித்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

இதற்குள் தோகோ குழு உரையாடலுக்குள் வந்தார். "என்னிடம் இரண்டு நர்ஸுகளும் ஒரு மோட்டார் சைக்கிளும்தான் இருக்கின்றன. அந்த இடத்துக்குப் போக வர ஒரு நாள் ஆகும். அந்த நாளில் வேறோர் ஊர் காத்திருக்கும். கிழங்கு என்பது எவ்வளவு உறுதி? ஆட்கள் என்பது எவ்வளவு உறுதி?"

கிழங்கு உறுதி. ஆட்களைப் பற்றி என்ன சொல்வது? ஸ்ரீரங்கத்தில் அப்போது சாயங்காலம் மணி ஆறரை. செல்வி அக்கா ஓய்வு பெற்று அம்மா மண்டபம் ரோட்டில் இருக்கிறார். படத்தை அவருக்கு அனுப்பிவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கெழங்குதாம்மா. நடுவுல நடந்து போய்க் கிளறி விடறதுக்கு வழி விட்டிருக்காங்க பாரு."

"வீடு எங்கக்கா இருக்கும்? ஒரு வேளை தூரத்து ஊர்லேருந்து வந்து காயப்போட்டுட்டுப் போறாங்களோ?"

"யாரும்மா அப்படிப் பண்ணுவா? திடீர்னு தூறல் போட்டா ஓடி வந்து அள்ளணுமில்ல? கூப்பிடு தூரத்துலதான் வீடு இருக்கும். அந்த மரத்துக்குக் கீழதான், வேற எங்க?"

அக்கா சொன்னதை அப்படியே தோகோவுக்கு எழுதினேன். படம் வெள்ளத்துக்கு முன் எடுத்தது, இப்போது அவர்கள் அங்கே இல்லாமலும் போகலாம் என்பதையும் சேர்த்தேன். தோகோவிடமிருந்து இரண்டு வரி வந்தது. "இதை என் அம்மாவும் சொல்லியிருப்பார். நாளைக் காலை போகிறோம்."

5

அவர்கள் போன நாள் எனக்கு விடுமுறை. மலையில் சிக்னல் கிடையாது, திரும்பி வந்தால்தான் தெரியும். துணி மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன். ஒருவேளை அங்கே யாருமே இல்லை என்றால்? காத்திருக்கிற வேறோர் ஊரில் ஏதாவது ஆகிவிட்டால்? பச்சைமலையில் போகாமல் இருந்து தப்புச் செய்தேன். இப்போது போகச் சொல்லித் தப்புச் செய்கிறேனோ?

பள்ளியிலிருந்து வந்த யாழினி என்னைப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டாள். சொன்னேன். அவள் தமிழும் ஜெர்மனுமாகக் கலந்து பேசுவாள். கொஞ்ச வருடமாக ஜெர்மன்தான் அதிகம். ஆனால் என்னைக் கிண்டல் செய்யும்போது மட்டும் நல்ல தமிழ் வந்துவிடும்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா? அங்க மரத்துக்குக் கீழ யார் இருக்காங்கன்னு இவ்ளோ கவலைப்படறே. நம்ம வீட்டுக்கு மேல் மாடியில யார் இருக்காங்கன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆறு வருடமாக அந்த வீட்டின் காலடிச் சத்தத்தைக் கேட்கிறேன். அஞ்சல் பெட்டியில் இருக்கும் பெயரை ஒழுங்காக வாசிக்கக்கூடத் தெரியாது. "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது. ஆனா நான் உலகத்தைக் காப்பாத்தறேன்னு சொல்லலையே" என்றாள்.

கோபம் வந்தது. அதைவிட, தெரிந்துகொள்ளும் ஆசை அதிகமாக வந்தது. செய்து வைத்திருந்த ரவா கேசரியில் கொஞ்சம் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு படியேறினேன். கதவைத் திறந்தவர் எழுபது வயது மனிதர், கை முழுக்கக் கரி. பழைய பியானோக்களைப் பிரித்துச் சரிசெய்வது அவர் தொழிலாம். கூடம் முழுக்கப் பியானோ கட்டைகள், பல் கழட்டி வைத்தது போல வரிசையாக. அவர் மலாவி எங்கே இருக்கிறது என்று கேட்டார், நான் பியானோவுக்குள் எத்தனை கம்பி என்று கேட்டேன். இறங்கி வரும்போது ஒரு மணி நேரம் போயிருந்தது. கிண்ணம் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. "அவர் பேர் என்ன?" என்று யாழினி கேட்டாள். அதைக் கேட்க மறந்திருந்தேன்.

6

மறுநாள் மத்தியானம் தோகோவின் குரல் பதிவு வந்தது. பேருந்தில் இருந்தேன். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, ஒரு ரொட்டிக் கடை வாசலில் நின்று கேட்டேன்.

ஓடையைக் கடக்கும் மரப்பாலத்தை வெள்ளம் அடித்துப் போயிருந்தது. அவர்கள் மேலே ஏறிச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மாமரங்களுக்கு அடியில் வீடுகள் இருந்தன, ஆட்களும் இருந்தார்கள். வெள்ளத்துக்குப் பிறகு வெளியிலிருந்து அங்கே வந்த முதல் மனிதர்கள் இவர்கள்தான். பல வீட்டில் வாந்திபேதி. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, குடிநீருக்கு மருந்து போட்டு, நாக்கு வறண்டு கிடந்த இரண்டு குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறார்கள். இரண்டும் பிழைத்துக்கொண்டன. ஒரு வயதான பெண்மணி மட்டும் இவர்கள் போவதற்கு முதல் நாள் இறந்துவிட்டார். "ஒரு நாள், கோமதி" என்றார் தோகோ. பேட்ரோவோடு நான் வாதாடிக்கொண்டிருந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது வெள்ளைத் திட்டு கிழங்கு இல்லை. தகரக் கூரை. அந்த ஊரின் பிரார்த்தனைக் கூடம். பேட்ரோவுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் மூன்றில் இரண்டு, நான் மூன்றில் ஒன்று. நீங்கள்தான் ஜெயித்தீர்கள்" என்று பதில் வந்தது. கூடவே, எப்போதும் சுருக்கமாக எழுதும் அந்த மனிதர், இனி காயப்போட்ட கிழங்கை எப்படி அடையாளம் காண்பது என்று குழுவுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். அதில் பாதி செல்வி அக்கா சொன்னது.

தோகோவின் பதிவில் இன்னும் கொஞ்சம் இருந்தது. நாங்கள் இங்கே இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அங்கிருந்த பெண்கள் கேட்டார்களாம். உங்கள் கிழங்கை வானத்திலிருந்து ஓர் இந்தியப் பெண் பார்த்தாள் என்று தோகோ சொல்லியிருக்கிறார். எல்லோரும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்களாம். பிறகு ஒரு பெண், "அப்படியானால் அவள் ஊரிலும் பாறையில்தான் காயப்போடுகிறார்களா? ஆடு வந்து தின்னாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள், கேட்டுச் சொல்" என்றாளாம்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் பாறையைப் பார்த்தவள், அவ்வளவுதான். செல்வி அக்காவிடம் கேட்டேன். "எனக்கு ஊசி போடத்தாம்மா தெரியும். இரு, சின்னப்பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். சின்னப்பொண்ணு பச்சைமலையில் இன்னமும் கிழங்கு பயிரிடுகிறவர். இரண்டு நாள் கழித்து அக்கா அவருடைய குரல் பதிவை அனுப்பினார். பின்னால் கோழிச் சத்தம் கேட்டது.

"ஆட்டுக்கு என்னத்தச் சொல்ல? சுத்தி முள்ளு வெட்டிப் போடுவோம், அதையும் தாண்டிக்கிட்டு வரும். ஒரு ஆளு உக்காந்துதான் ஆவணும்னு சொல்லுங்க. வேற வழியே இல்ல. ஆமா, வெள்ளம்னு சொன்னீங்களே, அவங்களுக்கு வெதக்குச்சி தப்பிச்சுதாமா? கெழங்கு போனாப் போவுது. நடறதுக்குக் குச்சி இல்லன்னா அடுத்த வருசம் என்னத்தத் திம்பாங்க? அதக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மருந்து கேட்டோம், பாதை கேட்டோம், எத்தனை வீடு என்று கேட்டோம். தண்டை நறுக்கி நட்டால்தான் மரவள்ளி முளைக்கும் என்பதும், வயலோடு அந்தத் தண்டும் போய்விட்டால் விதைக்க ஒன்றும் இருக்காது என்பதும் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. சின்னப்பொண்ணு சொன்னதை ஆங்கிலத்தில் எழுதித் தோகோவுக்கு அனுப்பினேன்.

பதில் வர ஒரு வாரம் ஆனது. வார்த்தை ஒன்றும் இல்லை, ஒரு புகைப்படம். மலைப்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள். பின் இருக்கையில் மருந்துப் பெட்டி. அதன் மேல் கயிற்றால் இறுக்கிக் கட்டிய மரவள்ளிக் குச்சிக் கட்டு, இரண்டு பக்கமும் கை நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.